ஏழாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் நடுவில்

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கணக்குப் பயிற்றுநர் பேசியதன் எழுத்து வடிவம். இடம் கருதிச் சில பகுதிகள் சுருக்கப்பட்டுள்ளன.)



தலைவி அக்கா என்னை "சிக்கனமும் சேமிப்பும்" என்ற தலைப்பில் அரைமணி நேரம் பேசச் சொன்னார்கள். சரி என்றுதான் நானும் சொல்லியிருந்தேன். ஆனால் கடந்த மூன்று மாதமாக நம் குழுக்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க, சிக்கனத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்துவது நியாயமில்லை என்று தோன்றிவிட்டது. அரை மூடித் தேங்காயை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்கிறவர்கள் நீங்கள். பிள்ளைக்கு எடுத்த சட்டையைத் தம்பிக்கும் போட்டு, அதற்குப் பிறகு கரித்துணியாக்குகிறவர்கள். உங்களுக்கு யார் சிக்கனம் சொல்லித் தருவது? அதனால் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்குப் புத்தகத்தில் நான் பார்த்தது இதுதான். தவணை தவறியவர்கள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் "அபராதம்" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயர்களை ஒரு தாளில் எடுத்து எழுதி, யார் யார் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று ஊக்குநர்களிடம் கேட்டேன். பாதிக்கு மேல் மில்லுக்குப் போகிறவர்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆடு மாடு வைத்திருப்பவர்கள் எல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் கட்டிவிடுகிறார்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் தவறுகிறார்கள். "அவளுக்கென்ன, மாசமானா மில்லுச் சம்பளம்" என்று நாமே பேசுகிறோம் இல்லையா, அந்த அவளுக்குத்தான் சிவப்பு மை.

இது எப்படி நடக்கிறது என்று யோசித்தேன். நம் பெண்கள் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. நம் பக்கம் குழு தொடங்கிய நாளில் நம்மில் பெரும்பாலானவர்கள் காட்டு வேலைக்காரர்கள். நாள் கூலி, இல்லாவிட்டால் வாரக் கூலி. எந்தக் கிழமை கூட்டம் வைத்தாலும் முந்தானையில் ஏதாவது முடிந்திருக்கும். அதனால் ஊக்குநர் வரத் தோதான நாளையும் வங்கிக்குப் போகத் தோதான நாளையும் பார்த்துக் கூட்டத் தேதி வைத்தோம். நிறையக் குழுக்களுக்கு அது 20-ஆம் தேதி, 22-ஆம் தேதி என்று அமைந்துவிட்டது. அப்போது அதில் ஒரு தப்பும் இல்லை. பிறகு வேடசந்தூர்ப் பக்கமும் மற்ற இடங்களிலும் நூற்பு மில்கள் பெருகின. மில் வண்டி ஊருக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, 7-ஆம் தேதியோ 10-ஆம் தேதியோ என்று ஆனது. நம் வேலை மாறியது, கூலி வருகிற நாள் மாறியது. குழுத் தேதி மட்டும் மாறவே இல்லை.

ஒரு உறுப்பினர் என்னிடம் தன் கணக்கைச் சொன்னார். பெயர் வேண்டாம், இந்தக் கூட்டத்தில் அவரைப் போல நிறையப் பேர் இருக்கிறீர்கள். நூற்பு மில்லில் எட்டு வருடமாக வேலை. சம்பளம் 7-ஆம் தேதி வங்கிக் கணக்குக்கு வருகிறது. 8-ஆம் தேதி மளிகைக் கடைப் பாக்கி, பால் பாக்கி, பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் காசு, மாமியாருக்கு மாத்திரை. 15-ஆம் தேதிக்குள் கை காலி. 20-ஆம் தேதி குழு. சேமிப்பும் தவணையும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பத்துப் பேர் நடுவில் எழுந்து நிற்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, தெருவில் வட்டிக்கு விடுகிறவரிடம் 2,000 ரூபாய் வாங்கி வந்து குழுவில் கட்டுகிறார், மீதியை வைத்து மாதக் கடைசியை ஓட்டுகிறார். நூற்றுக்குப் பத்து வட்டி. பதினேழு பதினெட்டு நாள்தான் வைத்திருக்கிறார், ஆனால் வட்டிக்காரர் அதை ஒரு மாதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். 7-ஆம் தேதி சம்பளம் வந்ததும் 2,200 திருப்பிக் கொடுக்கிறார். 20-ஆம் தேதி மறுபடியும் அதே 2,000.

நான் மறுபடியும் கேட்டேன், "எத்தனை மாசமா இப்படி?" என்று. "அது ஆச்சு அக்கா, ரெண்டு மூணு வருஷம்" என்றார்.

சகோதரிகளே, கந்துவட்டியிலிருந்து விடுபடத்தான் குழு வைத்தோம். இப்போது குழுவுக்குக் கட்டுவதற்காகக் கந்துவட்டிக்கு வாங்குகிறோம். குழுவின் தீர்மான நோட்டில் இது எங்கும் வராது. அங்கே அவர் "தவறாமல் கட்டும் உறுப்பினர்". தரம் பார்க்க வருகிற வங்கி அதிகாரிக்கும் அது தெரியாது. அபராதம் கட்டியவர்களையாவது சிவப்பு மை காட்டிக் கொடுத்தது. இவர் மாதிரி ஆட்களை எந்த மையும் காட்டாது.

மாதம் 200 ரூபாய் வட்டி. வருடத்துக்கு 2,400. அவருக்கு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்தால் ஆறு நாள் வேலை. ஒரு வாரம் மில் வண்டி ஏறி, பஞ்சுத் தூசிக்குள் நின்று சம்பாதிப்பது அப்படியே அந்த இடைவெளிக்குப் போகிறது.

இனி கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், இந்தக் கணக்குக்காகத்தான் நான் இன்றைக்கு வந்தேன். அவருக்குக் குழுவே ஒருமுறை 2,000 ரூபாய் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி. அவர் வட்டிக்காரருக்கு மாதாமாதம் கொடுத்த அதே 200 ரூபாயைக் குழுவுக்குக் கட்டட்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். முதல் மாதம் 40 ரூபாய் வட்டிக்குப் போகும், 160 அசலில் கழியும். அடுத்த மாதம் வட்டி இன்னும் குறையும். இப்படியே பதினொரு மாதம் 200 கட்டினால், பன்னிரண்டாம் மாதம் 54 ரூபாய்தான் பாக்கி நிற்கும். அதோடு கடன் முடிந்தது. 7-ஆம் தேதி சம்பளத்திலிருந்து 2,200 ரூபாயைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் அந்த 2,000 அவர் கையிலேயே தங்கும், 20-ஆம் தேதிக்கு உதவும். வட்டிக்காரரிடம் வருடம் முழுக்க 200 கட்டினாலும் வருடக் கடைசியில் 2,000 கடன் அப்படியேதான் நிற்கும்.

பின்வரிசையில் ஒரு அக்கா தலையாட்டுகிறார்கள். "இது எல்லாருக்கும் பொருந்துமா?" என்று கேட்க நினைக்கிறீர்கள். பொருந்தாது. அதைத்தான் அடுத்துச் சொல்ல வருகிறேன்.

இடைவெளி வேறு, பள்ளம் வேறு

மாதக் கடைசியில் கை காலியாவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, காசு வருகிற நாளும் போகிற நாளும் பொருந்தாமல் இருப்பது. வரவும் செலவும் மொத்தத்தில் சரியாக இருக்கும், நடுவில் மட்டும் தட்டும். இதை நான் இடைவெளி என்கிறேன். இன்னொன்று, மொத்தச் செலவே மொத்த வரவைவிட அதிகமாக இருப்பது. அது பள்ளம். இடைவெளிக்குக் கடன் மருந்து. பள்ளத்துக்குக் கடன் மருந்தில்லை, பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டுகிற மண்வெட்டி.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து மூன்று மாதம் எழுதுங்கள். சம்பளம் வந்த அன்று உங்கள் மொத்தக் கடன் எவ்வளவு என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கடைப் பாக்கி, கைமாத்து, அடகு, குழு, வாரத் தவணை எல்லாம் சேர்த்து. மூன்று மாதமும் தொகை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது இடைவெளி. மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் பள்ளம். எழுதத் தெரியாத அக்காமார்கள் மகளை எழுதச் சொல்லுங்கள். மகளுக்கும் வீட்டு நிலைமை தெரிந்த மாதிரி இருக்கும்.

வீட்டுக்காரர் கூலி எவ்வளவு வீட்டுக்கு வருகிறது, எவ்வளவு வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதும் அந்த நோட்டில் தெரிந்துவிடும். அதைப் பற்றி நான் தனியாகப் பேச வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வந்தது. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் ஆனது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. இதெல்லாம் இல்லாவிட்டால் நம்மில் பல வீடு என்றைக்கோ குப்புற விழுந்திருக்கும். அந்த ஆயிரம் ரூபாய் தொகையால் மட்டும் உதவவில்லை, 15-ஆம் தேதி வந்ததாலும் உதவியது. சம்பளம் தீர்ந்த வாரத்தில் வந்தது. காசு எவ்வளவு என்பதைப் போலவே, எந்த நாளில் என்பதும் முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் அரிசி கிடைத்துவிட்டால் அடுப்பு எரிந்துவிடுமா? மானியம் போகக் கேஸ் சிலிண்டர் 2014-ல் நானூறு ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 ஏப்ரலில் சென்னை விலை 868 ரூபாய் 50 காசு. எண்ணெய், பருப்பு, ஸ்கூல் வேன், போன் ரீசார்ஜ், மாத்திரை எதற்கும் ரேஷன் கடை இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். விரலே சூம்பிக்கொண்டு போனால் என்ன செய்வது?

கூலி நிற்கிறது, விலை நடக்கிறது

"சம்பளம் குறையலையே, அதே சம்பளம்தானே வருது" என்று சிலர் சொல்வீர்கள். அதே சம்பளம் வருவதுதான் குறைவது. ஒரு கணக்கு. நாள் கூலி 420 ரூபாய். மூன்று வருடமாக உயரவில்லை. சாமான் விலை வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்து ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து அந்த 420 ரூபாய்க்கு, முன்னால் 363 ரூபாய்க்கு வாங்கின சாமான்தான் கிடைக்கும். நாளுக்கு 57 ரூபாய் காணாமல் போய்விட்டது. 26 நாள் வேலைக்கு 1,482 ரூபாய். மாதாமாதம் ஆயிரத்து ஐநூறு துண்டு விழுகிறது, எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று சொல்கிறீர்களே, அது இங்கேதான் போகிறது. உங்கள் கை ஓட்டையில் போகவில்லை.

இப்படிக் கூலி நின்று போனதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது அரசு பார்த்துத் திருத்த வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தையல், ஆயத்த ஆடைத் தொழிலுக்கு 2004-ல் கூலி திருத்தினார்கள். அடுத்த திருத்தம் 2009-ல் வந்திருக்க வேண்டும். 2014 டிசம்பரில்தான் அறிவிப்பு வந்தது. அதை எதிர்த்து ஆடை நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் கோர்ட்டுக்குப் போயின. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளிவிட்டு, அறிவித்த கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றது. பன்னிரண்டு வருடம். 2004-ல் ஐயாயிரத்துக்குள் கிடைத்த ஒரு பவுன் 2016-ல் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் தையல் மிஷினில் குனிந்திருந்த பெண்கள் எத்தனை பேர் தாலிக்கொடியை அடகு வைத்திருப்பார்கள், எத்தனை பேர் "நமக்குக் குடும்பம் நடத்தத் தெரியலை" என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்.

நம் மில் பிள்ளைகளுக்கு இன்னொரு கதையும் நினைவிருக்கும். சுமங்கலித் திட்டம், திருமாங்கல்யத் திட்டம் என்று பேர் வைத்தார்களே. மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். அது இனாம் இல்லை. மாதாமாதம் கையில் கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்து, கடைசியில் நகை மாதிரி காட்டியது. நடுவில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு அதுவும் சரியாகக் கிடைக்கவில்லை.

சட்டத்தில் இப்போது மாறியிருப்பதையும் சொல்கிறேன். பழைய கூலிச் சட்டங்களுக்குப் பதிலாக ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூலித் திருத்தம் அதிலும் இருக்கிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஓவர்டைம் பார்த்தால் இரட்டைக் கூலி. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு கட்டாயம்.

அந்தச் சீட்டைத்தான் நாம் பார்ப்பதே இல்லை. ஏ.டி.எம்மில் எவ்வளவு வந்தது என்று மட்டும் பார்க்கிறோம். சீட்டில் அடிப்படைக் கூலி ஒரு வரி, பஞ்சப்படி ஒரு வரி இருக்க வேண்டும். பஞ்சப்படிதான் விலைவாசிக்காகக் கொடுப்பது. அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலியில் இந்தப் படி சென்னை விலைவாசிக் குறியீட்டை வைத்து வருடாவருடம் ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். அதனால் மார்ச் மாதச் சீட்டையும் ஏப்ரல் மாதச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய்கூட மாறாமல் இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். படியே தனியாகப் போடாமல் மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தாலும் கேட்க வேண்டும்.

அதே சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்திருப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசு, முதலாளி 3 ரூபாய் 25 காசு போடுகிறார். பிடிக்கிறார்கள் என்று தெரிகிறது, எதற்கு என்று தெரிவதில்லை. உடம்பு முடியாமல் படுத்தால், அந்த ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை இ.எஸ்.ஐ. கொடுக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. ஆனால் இ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டர் எழுதிக் கொடுத்த சான்று வேண்டும். அங்கே வரிசையில் நிற்க முடியாமல் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். இருபது நாள் மஞ்சள் காமாலையில் படுத்த ஒரு உறுப்பினர், அந்த இருபது நாளையும் நம் குழுவில் 8,000 ரூபாய் கடன் வாங்கி ஓட்டினார். அவருக்கு வர வேண்டிய கூலி வேறு இடத்தில் கேட்பாரில்லாமல் கிடந்தது. குழுவில் "மருத்துவச் செலவு" என்று கடன் கேட்டு யாராவது வந்தால், ஊக்குநர்கள் முதல் கேள்வியாக "இ.எஸ்.ஐ. இருக்கா?" என்று கேளுங்கள். கடன் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கொடுங்கள், அந்தப் பணம் வந்ததும் கட்டட்டும்.

பள்ளத்தில் இருக்கிறவருக்கு வெளியில் கடன் கொடுக்க ஆள் நிறைய உண்டு. வாரத் தவணைக் கம்பெனிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று என்று சென்டர் மீட்டிங் நடக்காத தெருவில்லை. 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது என்கிறது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடக் கூடாது. நமக்குப் புரிகிற மொழியில் அட்டை தர வேண்டும். ஆனால் வருமானம் எவ்வளவு என்று அவர்கள் கேட்கும்போது, கடன் கிடைக்க வேண்டுமே என்று நாமே கூட்டிச் சொல்கிறோம். அது நம் கழுத்துக்கு நாமே அளவு கொடுக்கிற மாதிரி.

தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். நாளாக ஆக அசல் குறைந்துகொண்டே வருவதால், வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிற சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. கடனை வசூலிக்க வந்து மிரட்டுவதற்கு எதிராக 2025-லும் ஒரு சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, தண்டல்காரர் டூவீலரும் வருகிறது. தேவை இருக்கிற வரை வரும்.

கூலி கேட்பது பற்றி

"கூலி உயர்வு கேட்டா நாளைக்கே நின்னுக்கோன்னு சொல்லிருவாங்க, வடக்கேருந்து ஆள் கொண்டு வந்துருவாங்க" என்று சொல்வீர்கள். பயம் பொய்யில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம் மில்களில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் நம்மைப் போலத்தான், வாங்குகிற சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் முழிக்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. தனியாகப் போய்க் கேட்கிற ஒருத்தியை நிறுத்துவது லேசு என்பது மட்டும் நிஜம்.

நம் ஊரில் குழுவுக்கே "சங்கம்" என்றுதான் பேர். "சங்கத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். அதே சொல்லை மில் கேட்டுக்குள் சொன்னால் சூப்பர்வைசர் முகம் மாறிவிடும். எனக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கும். கடன் வாங்கப் பத்துப் பெண்கள் கூடினால் எல்லோரும் பாராட்டுகிறார்கள், கூலி கேட்கப் பத்துப் பெண்கள் கூடினால் பிடிக்காது. 2022-ல் நம் திண்டுக்கல்லில், பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் ஆடை நிறுவனத்தோடும் வெளிநாட்டுக் கம்பெனிகளோடும் ஒப்பந்தம் போட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அதற்குப் பெயர். அது கூலிக்காகப் போட்டதில்லை, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்காக. ஆனாலும் நம்மைப் போன்ற பெண்களின் கையெழுத்துக்கு எதிரே கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

நம் கூட்டமைப்பு தொழிற்சங்கம் இல்லை, ஆகவும் வேண்டாம். ஆனால் ஒரே மில்லுக்குப் போகிற பதினைந்து பேர் நம் ஆறு குழுக்களில் பிரிந்து கிடக்கிறார்கள். அவர்களை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார வைத்துச் சீட்டைப் படிக்க வைக்க நம்மால் முடியும். ஒரே மாதிரி வேலைக்கு ஒருத்திக்கு ஒரு கூலி, இன்னொருத்திக்கு ஒரு கூலியா என்று அங்கேயே தெரிந்துவிடும். மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்கம் என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி அட்டவணை அங்கே கிடைக்கும். கூட்டமைப்பின் பெயரில் அதைக் கேட்டு வாங்கி வந்து ஒட்டி வைப்பதற்கு யாருடைய வேலையும் போகாது.

நேரம் ஆகிவிட்டது, தலைவி அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மூன்று தீர்மானம் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். முதலாவது, மில்லுக்குப் போகிற உறுப்பினர்கள் பாதிக்கு மேல் இருக்கும் குழுக்கள் கூட்டத் தேதியை 8-ஆம் தேதியிலிருந்து 12-ஆம் தேதிக்குள் மாற்றிக்கொள்வது. சம்பளம் 10-ஆம் தேதி வருகிற மில் என்றால் 11, 12-ல் வையுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு குழுவும் சொந்த நிதியில் கொஞ்சத்தை ஒதுக்கி, 3,000 ரூபாய் வரை இடைக்கடன் கொடுப்பது. விண்ணப்பம், ஜாமீன் என்று இழுக்காமல் கேட்ட அன்றே கொடுக்க வேண்டும். ஆனால் மூன்று மாத நோட்டைக் காட்ட வேண்டும். நோட்டில் பள்ளம் தெரிந்தால் கடனோடு நிறுத்தாமல், அந்தக் குடும்பத்தோடு ஊக்குநரும் பிரதிநிதியும் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைச் சம்பளச் சீட்டுக் கூட்டம்.

இரண்டாவது தீர்மானத்துக்குச் சில குழுக்களில் எதிர்ப்பு இருக்கிறது என்று தெரியும். "இப்படிக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க, வங்கிக் கடனுக்குப் பணம் நிக்காது" என்கிறார்கள். நியாயமான பயம்தான். ஒருவருக்கு வருடத்தில் ஒருமுறை மட்டும் என்று வைத்து ஆறு மாதம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் மாற்றலாம். தீர்மானங்களை நம் செயலர் இப்போது வாசிப்பார். எதிர்க்கிறவர்களும் எழுந்து பேசுங்கள், டீ வருவதற்கு இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது.